கீழ்ப்படிதலை ஆராய எந்த வழி? மதுரை மாணவர்களுக்கு ஓர் ஒப்பீடு

உளவியல் முதுகலையில் கீழ்ப்படிதலை ஆய்வேட்டுத் தலைப்பாக எடுப்பவர்கள் பெரும்பாலும் ஒரே முட்டுச்சந்தில் வந்து நிற்கிறார்கள். கைடு சம்மதித்துவிட்டார். ‘ஆளின் குணத்தைவிட அவர் நிற்கும் சூழ்நிலைதான் அவரைப் பணிய வைக்கிறது’ என்ற கருத்தும் பிடித்திருக்கிறது. ஆனால் அதை எப்படி அளப்பது? அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் செய்ததுபோல் ஆய்வுக்கூடத்திலா, மருத்துவமனையிலா, பெரியார் பேருந்து நிலையத்திலா, இல்லை கூகுள் ஃபார்மில் நூறு பேருக்கு வினாத்தாள் அனுப்பி முடித்துவிடலாமா? செவிலியர் கல்லூரி ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களுக்குப் பயிற்சி தருபவர்களும் இதையே வேறு விதமாகக் கேட்கிறார்கள்: எந்த ஆய்வை நம்பி வகுப்பெடுப்பது?

முதலில் ஒன்று. மில்கிராம் ஆய்வின் ‘65 சதவீதம் பேர் பணிந்தார்கள்’ என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு தொடங்கினால் எந்த வழியை எடுத்தாலும் தவறிப்போகும். இந்த ஆய்வுகளின் உண்மையான மதிப்பு, சூழ்நிலையில் எதை மாற்றியபோது அந்த எண் ஏறியது, எதை மாற்றியபோது இறங்கியது என்பதில் இருக்கிறது. கீழே வரும் ஒப்பீடு முழுவதும் அந்தக் கண்ணோட்டத்தில்தான்.

## எதை வைத்து எடைபோடுவது

சூழ்நிலையின் தாக்கத்தை ஆராய்வதென்றால் ஒரே ஓர் அம்சத்தை மட்டும் மாற்ற முடிய வேண்டும். சீருடை மாறும்போது ஆள், குரல், நேரம், இடம் எதுவும் மாறக் கூடாது. இது முதல் அளவுகோல். இரண்டாவது, கலந்துகொள்பவர் நடப்பதை நிஜம் என்று நம்புகிறாரா. மூன்றாவது, வந்தபோது இருந்த மனநிலையைவிட மோசமான மனநிலையில் அவர் வீடு திரும்புகிறாரா. நான்காவது, இன்னொருவர் அப்படியே திரும்பச் செய்து சரிபார்க்க முடியுமா. ஐந்தாவது, எத்தனை பேர் பணிந்தார்கள் என்பதைத் தாண்டி ஏன் பணிந்தார்கள் என்றும் சொல்கிறதா. கடைசியாகப் பணம், நாட்கள், அனுமதி.

அனுமதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 தேசிய நெறிமுறை வழிகாட்டிகளில் சமூக, நடத்தை ஆய்வுகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு. ஏமாற்று கலந்த எந்த ஆய்வும் நெறிமுறைக் குழுவைத் தாண்டித்தான் வர வேண்டும். முடிந்ததும் பங்கேற்பாளருக்கு உண்மையைச் சொல்லியாக வேண்டும். ஆய்வேட்டு ஆண்டின் முதல் மாதத்திலேயே மனு போடாதவர்களுக்குக் கடைசியில் வினாத்தாள் ஒன்றுதான் மிஞ்சுகிறது.

எண்ணிக்கையையும் முன்கூட்டியே பாருங்கள். 80 சதவீதத் திறனும் (இருக்கும் வித்தியாசத்தைத் தவறவிடாமல் பிடிக்கும் வாய்ப்பு) 5 சதவீதப் பிழை எல்லையும் (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு) வைத்தால், பணிந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் 40 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு குழுவுக்கும் சுமார் 97 பேர் வேண்டும். 65-க்கும் 40-க்கும் 62 பேர். 65-க்கும் 20-க்கும் 18 பேர் போதும். சிறிய விளைவைத் தேடுபவர் ஆய்வுக்கூடத்துக்குப் போகவே கூடாது. அத்தனை பேரை ஒவ்வொருவராக உட்கார வைக்க ஓராண்டு போதாது.

இன்னொரு செலவு கண்ணுக்குத் தெரியாது. உங்கள் துறை ஆசிரியர் வகுப்பில் வந்து, “எல்லாரும் இவங்க ஸ்டடியில கலந்துக்குங்கப்பா” என்று சொன்ன நொடியிலேயே கீழ்ப்படிதல் நடந்து முடிந்துவிடுகிறது. இன்டர்னல் மார்க் போடுபவர் கேட்டு யாரும் மறுப்பதில்லை. அப்படிக் கிடைத்த ஒப்புதல் கையெழுத்து ஒப்புதலே ஆகாது. வேறு கல்லூரியில், மதிப்பெண்ணோடு சம்பந்தமில்லாத ஒருவர் மூலம் ஆட்களைத் திரட்டுங்கள். விலகினாலும் தருவதாகச் சொன்ன பயணப்படி கிடைக்கும் என்று முதலிலேயே சொல்லுங்கள்.

## வழி 1: ஆய்வுக்கூடம், மில்கிராம் முறை

1961-62-இல் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்தது. 1963-இல் வெளியான முதல் கட்டுரையில் 20 முதல் 50 வயது வரையுள்ள ஆண்கள் 40 பேர். கூலி நான்கரை டாலர். 15 வோல்ட்டில் தொடங்கி 15, 15 ஆக ஏறி 450 வரை 30 சுவிட்சுகள். சுவருக்கு அப்பால் இருப்பவர் தவறாகப் பதில் சொல்லும்போதெல்லாம் ஒரு படி கூடுதலான மின்னதிர்ச்சி கொடுக்க வேண்டும் என்று பங்கேற்பாளரிடம் சொன்னார்கள். மறுபக்கம் இருந்தவர் ஆய்வாளரின் ஆள். மின்சாரம் அவரைத் தொடவில்லை. பங்கேற்பாளர் தயங்கினால் ஆய்வாளர் சொல்ல வேண்டிய நான்கு வாக்கியங்கள், மென்மையிலிருந்து கடுமைக்கு, எழுதி வைக்கப்பட்டிருந்தன. 26 பேர், அதாவது 65 சதவீதம், கடைசி சுவிட்ச் வரை போனார்கள்.

இதன் பெரிய பலம் தொடர்ச்சி. மில்கிராம் ஒன்றோடு நிறுத்தாமல் ஒவ்வோர் அம்சமாக மாற்றிப் பார்த்தார். சுவருக்கு அப்பாலிருந்து குரல் கேட்டபோது 62.5 சதவீதம். அதே அறையில் ஆள் உட்கார்ந்தபோது 40. அவர் கையைப் பிடித்து மின்தகட்டில் வைக்க வேண்டியிருந்தபோது 30. ஆய்வாளர் அறையை விட்டுப் போய்த் தொலைபேசியில் உத்தரவிட்டபோது ஏறக்குறைய 21. உடனிருந்த இருவர் எழுந்து மறுத்தபோது 10. சுவிட்சை இன்னொருவர் அழுத்த, பங்கேற்பாளர் துணை வேலை மட்டும் பார்த்தபோது 92.5. இரண்டு ஆய்வாளர்கள் ஆளுக்கொன்று சொன்னபோது பூஜ்யம்.

மதுரையில் பயிற்சி தருபவர்களுக்கு இந்த வரிசை மிகவும் பயன்படும். 2024 அக்டோபரில் பிரதமர் தன் வானொலி உரையில் எச்சரித்த ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ மோசடியை, அதாவது போலீஸ் போல் விடியோ அழைப்பில் மிரட்டிப் பணம் பறிப்பதை, எடுத்துக்கொள்ளுங்கள். அதிகாரம் தொலைபேசிக்குப் போனதும் பணிவு சரிந்தது என்று மில்கிராமின் எண் சொல்கிறது. மோசடிக்காரர்கள் விடியோவை அணைக்கவே விடாமல் அதிகாரத்தை அறைக்குள்ளேயே உட்கார வைக்கிறார்கள். மறுக்கும் துணை கிடைக்கக் கூடாதென்று வீட்டாரிடம் பேசத் தடை போடுகிறார்கள். ஆதார் எண்ணில் தொடங்கி வங்கிக் கணக்கு வரை படிப்படியாக ஏறுகிறார்கள். இது ஒரு விளக்கம்தான். ஆய்வுக்கூட எண் இந்த மோசடியை நிரூபித்துவிடவில்லை. ஆனாலும் ‘கேமராவை அணை, வீட்டில் ஒருவரைக் கூப்பிடு, 1930-க்கு (இணையக் குற்ற உதவி எண்) அழை’ என்ற அறிவுரையின் ஒவ்வொரு படியும் எந்தச் சூழ்நிலைக் காரணியை உடைக்கிறது என்பதை வகுப்பில் காட்ட இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

இனி பலவீனங்கள். 40 பேரில் 26 என்றால், 95 சதவீத நம்பக எல்லை, அதாவது உண்மையான சதவீதம் இருக்கக் கூடிய வீச்சு, ஏறக்குறைய 50-இலிருந்து 78 வரை விரிகிறது. அதனால் சிறிய வித்தியாசங்களைப் பெரிதாகப் பேசக் கூடாது. பாடநூல்கள் எல்லாம் ‘யேலின் கௌரவம் போனதும் பணிவு குறைந்தது’ என்று மில்கிராம் இதே ஆய்வை பிரிட்ஜ்போர்ட் நகரின் சாதாரண அலுவலகக் கட்டடத்தில் செய்தபோது வந்த 47.5-ஐக் காட்டுகின்றன. 65-ஐயும் 47.5-ஐயும் 40, 40 பேரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: p மதிப்பு சுமார் 0.11, வழக்கமான 0.05 எல்லைக்குள் வரவில்லை. கட்டடத்தின் கௌரவம் என்ற காரணி அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை. தொலைபேசி வேறுபாடு நிற்கிறது. மறுக்கும் துணையின் வேறுபாடு நிற்கிறது. வைவாவில் இதைச் சொல்ல முடிந்தால் நீங்கள் மூலத்தைப் படித்திருக்கிறீர்கள் என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும்.

நம்பினார்களா என்பது அடுத்த சிக்கல். நாடகம் என்று ஊகித்தே பலர் நடித்திருக்கலாம் என்று ஆர்ன், ஹாலண்ட் இருவரும் 1968-இல் எழுதினார்கள். பின்னர் அனுப்பப்பட்ட வினாத்தாளில், வலி நிஜம் என்று முழுமையாக நம்பியதாகச் சொன்னவர்கள் 56 சதவீதம். 2020-இல் வெளியான மறுபகுப்பாய்வு ஒன்று, நம்பியவர்களே அதிகம் மறுத்தார்கள் என்று காட்டியது. எதிர்த்திசையில் ஒரு சான்றும் உண்டு: 1972-இல் ஷெரிடன், கிங் இருவரும் ஒரு நாய்க்குட்டிக்கு நிஜமாகவே மின்னதிர்ச்சி கொடுக்க வைத்தார்கள், 26 மாணவர்களில் 20 பேர் கடைசி வரை போனார்கள். ‘நம்பாததால்தான் பணிந்தார்கள்’ என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாதபடி அது தடுக்கிறது. ஆனால் அதை யாரும் திரும்பச் செய்யக் கூடாது.

உளவியலாளரும் எழுத்தாளருமான ஜினா பெரி ஆவணக் காப்பகத்தில் ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுதியவை இன்னும் கனமானவை. ஆய்வாளர் நான்கு வாக்கியங்களோடு நிற்கவில்லை. சிலரிடம் வெகுநேரம் வற்புறுத்தினார். பலருக்கு முழு உண்மை அன்றே சொல்லப்படாமல் மாதங்கள் கழித்து அஞ்சலில் போயிற்று. மூன்று பேருக்கு வலிப்பு போன்ற நடுக்கம் வந்ததை மில்கிராமே பதிவு செய்திருக்கிறார். கலந்துகொண்டதில் மகிழ்ச்சி என்று 84 சதவீதம் பேர் பிறகு சொன்னார்கள் என்பது அந்தத் தீங்குக்குப் பரிகாரம் ஆகாது. தீங்கு நடந்த நேரத்தில் அவர்கள் அதற்குச் சம்மதித்திருக்கவில்லை என்பதே 1964-இல் உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் தொடங்கிவைத்த விமர்சனத்தின் அடிநாதம்.

முடிவு: படிக்க, வகுப்பெடுக்க, எண்களைத் திரும்பக் கணக்கிட மிகச் சிறந்தது. செய்து பார்க்க வேண்டாம். எந்த நெறிமுறைக் குழுவும் இதை இன்று அனுமதிக்கக் கூடாது. போதாதற்கு, பி.எஸ்சி. உளவியல் முதலாண்டிலேயே இந்தக் கதையைப் படித்துவிடுகிறார்கள். பெட்டியையும் சுவிட்சுகளையும் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

## வழி 2: 150 வோல்ட்டில் நிறுத்தும் பெர்கர் முறை

மில்கிராமின் ஆய்வுகளில் 150 வோல்ட் ஒரு திருப்புமுனை. மறுபக்கத்துக் குரல் ‘என்னை வெளியே விடுங்கள்’ என்று முதன்முறை கேட்பது அங்கேதான். அதைத் தாண்டியவர்களில் 79 சதவீதம் பேர் இறுதி வரை போனார்கள். எனவே 150-க்குப் பிறகு தொடரத் தயாரா என்று பார்த்ததுமே நிறுத்திவிட்டால், வதை இல்லாமல் கிட்டத்தட்ட அதே தகவல் கிடைக்கும் என்று அமெரிக்க உளவியலாளர் ஜெரி பெர்கர் கணக்குப் போட்டார். 2009-இல் வெளியான முடிவு: அடிப்படை நிலையில் 70 சதவீதம் பேர் தொடரத் தயாராக இருந்தார்கள், மில்கிராமின் ஒப்பீட்டு எண் 82.5. அந்த இடைவெளி புள்ளியியல்படி உறுதியானதல்ல. 2017-இல் வெளியான போலந்து ஆய்வில் 80 பேரில் 90 சதவீதம் பத்தாவது பொத்தான் (150 வோல்ட்) வரை போனார்கள்.

பாதுகாப்புக்காக பெர்கர் செய்தவற்றைப் பாருங்கள். மனநலப் பரிசோதனை இரண்டு கட்டமாக நடந்தது. இரண்டாவது கட்டத்தை மருத்துவ உளவியலாளர் நேரில் செய்தார். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று மூன்று முறை சொன்னார்கள். தொடங்கும் முன் பங்கேற்பாளருக்கே கொடுத்துக் காட்டும் மாதிரி அதிர்ச்சி 45 வோல்ட்டிலிருந்து 15-ஆகக் குறைந்தது. முடிந்த சில நொடிகளில் உண்மை சொல்லப்பட்டது.

மறைந்திருக்கும் செலவு இந்தப் பாதுகாப்பிலேயே இருக்கிறது. பதற்றப்படக் கூடியவர்களை முன்பே வடிகட்டிவிட்டால் மிஞ்சுபவர்கள் பொது மக்களின் பிரதிநிதிகள் அல்ல. 150-க்குப் பின் என்ன நடந்திருக்கும் என்பதும் ஊகமே. தகுதி பெற்ற மருத்துவ உளவியலாளர் எல்லா அமர்வுகளிலும் உடனிருக்க முடியாத கல்லூரியில் இதைத் தொடங்கவே கூடாது. முனைவர் பட்ட அளவில், மருத்துவ உளவியல் துறையோடு கைகோத்திருந்தால் மட்டும் யோசியுங்கள்.

பெர்கர் ஆய்வில் கிடைத்த ஒரு சிறு தகவல் இந்தத் துறையையே கொஞ்சம் திருப்பியது. ‘உங்களுக்கு வேறு வழியில்லை, தொடர்ந்துதான் ஆக வேண்டும்’ என்ற நான்காவது வாக்கியத்தைக் கேட்ட ஒருவர்கூடத் தொடரவில்லை. நேரடிக் கட்டளை அதுதான். மற்றவை ஆய்வின் தேவையைச் சொல்பவை. ஹாஸ்லமும் ரைக்கரும் 2014-இல் இதைத் தனியாகச் சோதித்தபோதும் அறிவியலின் பெயரால் கேட்பது வேலை செய்தது. கட்டளை வேலை செய்யவில்லை. அப்படியானால் மில்கிராம் அளந்தது குருட்டுப் பணிவா, நல்ல காரியத்தில் பங்கெடுக்கிறோம் என்ற ஈடுபாடா? இந்தக் கேள்வியை எழுப்பாத ஆய்வேடு இன்று பழையதாகிவிடும்.

## வழி 3: மருத்துவமனை

அமெரிக்க மனநல மருத்துவர் ஹாஃப்லிங்கின் குழு 1966-இல் வெளியிட்ட ஆய்வு இது. வார்டில் தனியாக டியூட்டி பார்க்கும் செவிலியருக்கு முன்பின் தெரியாத ‘டாக்டர் ஸ்மித்’ தொலைபேசியில் அழைக்கிறார். ‘அஸ்ட்ரோட்டன்’ என்ற மருந்தை 20 மில்லிகிராம் கொடுக்கச் சொல்கிறார். பெட்டியில் அதிகபட்சம் 10 என்று அச்சிட்டிருக்கிறது. உள்ளே இருந்தது வெறும் சர்க்கரை. 22 பேரில் 21 பேர் மருந்தை எடுத்துக்கொண்டு நோயாளியை நோக்கிப் போனார்கள். வழியிலேயே தடுத்து உண்மை சொல்லப்பட்டது. இதே நிலைமையைக் காகிதத்தில் படித்த 12 செவிலியர்களில் 10 பேரும், 21 செவிலிய மாணவிகள் எல்லோரும் ‘கொடுக்க மாட்டோம்’ என்றார்கள்.

நம்பகம் என்ற அளவுகோலில் இதை எதுவும் மிஞ்சாது. நடப்பது ஆய்வென்றே அவர்களுக்குத் தெரியாது. பலவீனம், ஒரே சமயத்தில் பல அம்சங்கள் கலந்து கிடக்கின்றன: தெரியாத மருந்து, தெரியாத குரல், தொலைபேசி, தனிமை. எது பணிய வைத்தது என்று பிரிக்க வழியில்லை. 1977-இல் ராங்க், ஜேக்கப்சன் இருவரும் பழகிய மருந்தான வேலியத்தை எடுத்துக்கொண்டு, சக செவிலியரிடம் கலந்து பேசவும் வாய்ப்பு கொடுத்தார்கள். 18 பேரில் 16 பேர் கொடுக்கவில்லை. முதல் ஆய்வை மட்டும் காட்டி ‘செவிலியர் டாக்டர் சொன்னால் கேட்டுவிடுவார்கள்’ என்று வகுப்பெடுப்பது அவர்களுக்குச் செய்யும் அநீதி. இரண்டையும் சேர்த்துக் காட்டினால் பாடம் வேறாகிவிடுகிறது: மருந்தைப் பற்றிய அறிவும், பக்கத்தில் கேட்க ஒரு ஆளும் இருந்தால் மறுப்பு சாத்தியம்.

மதுரையின் எந்த மருத்துவமனை வார்டிலும் இதை மறைமுகமாகச் செய்யாதீர்கள். இரவு டியூட்டியில் ஒரே சிஸ்டர் பல நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு பொய் அழைப்பு அவர் கவனத்தைப் பத்து நிமிடம் திருப்பினாலே நிஜமான ஆபத்து. பணிந்தவர் பெயர் நிர்வாகத்துக்குத் தெரிந்தால் வேலைக்கே உலை.

இதற்கு மாற்று, செவிலியர் கல்லூரியின் பயிற்சிக்கூடத்தில் பொம்மை நோயாளியை வைத்துச் செய்வது. செமஸ்டர் தொடக்கத்தில் எல்லா மாணவிகளிடமும் ‘இந்தப் பருவத்தில் பயிற்சிகளுக்கு நடுவே ஏதோ ஒரு நாள் தவறான உத்தரவு வரும் சூழ்நிலை ஒன்று இருக்கும்’ என்று பொதுவாகச் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். ஒரு குழுவுக்கு உத்தரவு நேரில் வரட்டும், இன்னொன்றுக்கு போனில். அல்லது ஒரு குழுவில் துணைக்கு ஒரு சீனியர் இருக்கட்டும், இன்னொன்றில் தனியாக. அளக்க வேண்டியவை மூன்று: மருந்தை எடுத்தாரா, உத்தரவைத் திருப்பி வாசித்து உறுதி செய்தாரா, யாரையாவது கேட்டாரா. மூன்றாவதுதான் பயிற்சிக்கு அதிகம் உதவும். உத்தரவு தருபவர் அவர்களுக்கு மதிப்பெண் போடுபவராக இருக்கக் கூடாது.

## வழி 4: தெரு

பிக்மேன் 1974-இல் வெளியிட்ட நியூயார்க் ஆய்வில் ஒரே வேண்டுகோளைச் சாதாரண உடையிலும், பால்காரர் உடையிலும், காவலாளி உடையிலும் வைத்தார்கள்: கீழே கிடக்கும் பையை எடு, பார்க்கிங் மீட்டருக்குக் காசில்லாத இவருக்குக் கொடு, பேருந்து நிறுத்தக் கம்பத்துக்கு அந்தப் பக்கம் நில். காவலாளி உடைக்கு மற்ற இரண்டையும்விடத் தெளிவாக அதிகப் பணிவு. பார்க்காமல் அவர் நகர்ந்துபோன பிறகும் அந்தப் பலம் குறையவில்லை. உடை ஒன்றுதான் மாறுகிறது. வேண்டுகோள் யாரையும் காயப்படுத்துவதில்லை. செலவு மிகக் குறைவு. மதுரையில் முதுகலை மாணவர் இருவர் சேர்ந்து நேர்மையாகச் செய்து முடிக்கக் கூடியது இதுவே.

ஆனால் நம் ஊருக்கு மாற்றியாக வேண்டும். இங்கே பால்காரருக்குச் சீருடை கிடையாது. அந்த இடத்தில் உணவு டெலிவரி ஆளின் டி-ஷர்ட்டை வையுங்கள். சீருடைதான், ஆனால் உத்தரவிடும் அதிகாரம் இல்லை. காக்கியை எடுக்காதீர்கள்: ஆட்டோ ஓட்டுநரும் காக்கிச் சட்டைதான் என்பதால் அது தெளிவான அடையாளமாக இருக்காது. தொப்பியும் பெல்ட்டும் சேர்த்தால் போலீஸ் ஆகிவிடும். அரசு ஊழியர் என்று நம்ப வைக்கும் நோக்கத்தோடு அவர்கள் உடையை அணிவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 205-ஆம் பிரிவின்படி குற்றம். தனியார் செக்யூரிட்டி நிறுவனத்தின் நீலச் சட்டை மாதிரி, நிறுவனப் பெயர் எதுவும் இல்லாமல், தைத்துக்கொள்ளலாம்.

செய்முறை இப்படி இருக்கட்டும். மூன்று உடைகளையும் ஒரே ஆள் அணிய வேண்டும். வேண்டுகோள் எழுத்துப் பிசகாமல் ஒன்றே: “அண்ணே, கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னுக்குங்க.” பெண்களிடம் ‘அக்கா’. செக்யூரிட்டி உடை மாட்டியதும் ‘அண்ணே’ போய் ‘சார்’ வந்துவிடும், அல்லது எதுவும் இல்லாமல் ‘தள்ளி நில்லுங்க’ ஆகிவிடும். அப்போது நீங்கள் அளப்பது உடையை அல்ல, தொனியை. முதல் நாள் ஒலிப்பதிவு போட்டு ஒத்திகை பாருங்கள். கோட்டைத் தாண்டி வரும் ஒவ்வொரு மூன்றாவது ஆளையும் மட்டும் கேளுங்கள். முகத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் சாதுவானவர்களாகவே சேர்ந்துபோவார்கள். 30 நொடிக்குள் நகர்ந்தால் 1, இல்லையென்றால் 0. பத்தடி தள்ளி நிற்கும் இரண்டு பார்வையாளர்கள் ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல் குறிக்க வேண்டும்.

என்ன கெடும்? பஸ் வந்தால் எல்லோரும் நகர்வார்கள். பஸ் நிலையத்தினுள் நுழைந்த நொடியில் கேட்டவை கணக்கில் வராது. பங்குனி, சித்திரை வெயிலில் நிழலிருக்கும் பக்கம் போகச் சொன்னால் யார் சொன்னாலும் போவார்கள். கோட்டின் இரு பக்கமும் ஒரே மாதிரி வெயில் வேண்டும். சித்திரைத் திருவிழா, ஜல்லிக்கட்டு நாட்களில் ஊரெங்கும் கயிறு கட்டிப் போலீஸ் நிற்கும்; அந்த வாரங்களை விட்டுவிடுங்கள். ஒருவர் நகர்ந்ததைப் பார்த்து அடுத்தவர் நகர்வது கீழ்ப்படிதல் அல்ல, பிறரைப் பின்பற்றுதல். அதனால் ஒரு வேண்டுகோளுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஆட்கள் கலைய நேரம் விடுங்கள். தினசரிப் பயணிகள் உங்கள் ஆளை அடையாளம் கண்டுகொள்வார்கள் என்பதால் பெரியார், ஆரப்பாளையம், மாட்டுத்தாவணி என மாற வேண்டும். பெரியாரில் செக்யூரிட்டி, மாட்டுத்தாவணியில் டெலிவரி என்று பிரித்துவிட்டால் ஆய்வு முழுவதும் வீண். மூன்று இடத்திலும் மூன்று உடையும் சுழல வேண்டும். நிலைய நிர்வாகத்துக்கும் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கும் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிய பிறகே தொடங்குங்கள். விடியோ எடுக்காதீர்கள்.

பலவீனத்தையும் மறைக்கக் கூடாது. முன்கூட்டி ஒப்புதல் வாங்க முடியாது. ஒவ்வொருவரிடமும் பின்னர் ஒரு அட்டை கொடுத்து, வேண்டாமென்றால் தன் பதிவை நீக்கச் சொல்ல வழி வைக்க வேண்டும். இவ்வளவு சிறிய செயலில் வரும் பணிவை வைத்து, பிறரைத் துன்புறுத்தும் பணிவைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

## வழி 5, 6, 7: அலுவலகம், மெய்நிகர், வினாத்தாள்

நெதர்லாந்தின் உட்ரெக்ட்டில் மேயஸ், ராய்மேக்கர்ஸ் இருவரும் 1986-இல் வெளியிட்டது, இன்றைய வேலையிடத்துக்கு மிக நெருக்கமானது. வேலை தேடி வந்தவரிடம் தேர்வு நடக்கும்போதே அவரைக் குலைக்கும் 15 வாக்கியங்களைப் பங்கேற்பாளர் சொல்ல வேண்டும். அவர் வேலையை இழப்பார் என்பதும் தெரியும். 90 சதவீதத்துக்கு மேல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்கள். உடனிருந்தவர்கள் மறுத்தபோது 16 சதவீதத்துக்கு வீழ்ந்தது. கருத்தை மேற்கோள் காட்டுங்கள், செய்ய வேண்டாம். வேலையில்லாதவரை நோகடிக்கும் நாடகம் பங்கேற்பாளர் மனதில் தங்கிவிடும்.

மெய்நிகர் முறையில், 2006-இல் ஸ்லேட்டர் குழு லண்டனில் கணினி உருவத்துக்கு அதிர்ச்சி கொடுக்க வைத்தது. நிஜமல்ல என்று தெரிந்தும் உடல் படபடத்தது. ஏமாற்று இல்லை என்பது பெரிய லாபம். தேவையான கருவியும் மென்பொருள் ஆளும் பொறியியல் கல்லூரி நண்பர்கள் மூலம் கிடைத்தால் நல்ல வழி. ஆனால் முழுமையாக நம்பாத ஒருவர் மறுப்பதும் பணிவதும் எதை அளக்கிறது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

வினாத்தாள், அதாவது ‘இந்தச் சூழ்நிலையில் நீங்கள் என்ன செய்வீர்கள்’ என்ற கதைக் கேள்வி, மலிவானது, வேகமானது. ஆனால் அது கீழ்ப்படிதலை அளப்பதில்லை. மில்கிராம் முன்கூட்டியே கேட்டபோது மனநல மருத்துவர்களே ஆயிரத்தில் ஒருவர்தான் 450 வரை போவார் என்று கணித்தார்கள். ஹாஃப்லிங்கின் 12 பேரும் 21 பேரும் என்ன சொன்னார்கள் என்று மேலே பார்த்தீர்கள். வினாத்தாளில் கிடைப்பது தங்களைப் பற்றி மக்கள் வைத்திருக்கும் எண்ணம். தலைப்பை ‘கீழ்ப்படிதல் பற்றிய சுயகணிப்பு’ என்று நேர்மையாக மாற்றிக்கொண்டால் அது மதிப்புள்ள ஆய்வு. தெரு ஆய்வோடு சேர்த்தால், சொல்வதற்கும் செய்வதற்கும் உள்ள இடைவெளியை மதுரை மக்களிடமே காட்ட முடியும்.

| வழி | ஒன்றை மட்டும் மாற்றல் | நம்பகம் | தீங்கு | செலவும் அனுமதியும் |
|---|---|---|---|---|
| மில்கிராம் முறை | மிக நன்று | சந்தேகம் உண்டு | கடுமை | அனுமதி கிடைக்காது |
| 150 வோல்ட் எல்லை | நன்று | சந்தேகம் உண்டு | நடுத்தரம் | மருத்துவ உளவியலாளர் தேவை |
| வார்டில் மறைமுகம் | பலவீனம் | மிக அதிகம் | நோயாளிக்கும் ஆபத்து | வேண்டாம் |
| பயிற்சிக்கூடம் | நன்று | நடுத்தரம் | குறைவு | கல்லூரி ஒத்துழைப்பு தேவை |
| தெரு | நன்று, கவனம் தேவை | மிக அதிகம் | மிகக் குறைவு | குறைவு. ஆள் நேரம் அதிகம் |
| அலுவலக முறை | நன்று | அதிகம் | நடுத்தரம் | ஏமாற்று அதிகம் |
| மெய்நிகர் | மிக நன்று | பாதி | குறைவு | கருவிச் செலவு |
| வினாத்தாள் | நன்று | அளப்பதே வேறு | இல்லை | மிகக் குறைவு |

## எந்த வழியிலும் தீராத குறைகள்

சூழ்நிலையை மட்டும் பார்க்கும் ஆய்வுக்குக் குணம் தெரிவதில்லை. எல்ம்ஸும் மில்கிராமும் 1966-இல், பணிந்த 20 பேரையும் மறுத்த 20 பேரையும் ஒப்பிட்டபோது, பணிந்தவர்களுக்கு அடோர்னோவின் அதிகாரமனப்பான்மை (மேலிருப்பவருக்குப் பணிந்து போகும் குணம்) அளவுகோலில் மதிப்பெண் கூடுதலாக இருந்தது. எனவே ஒரு சிறிய குண அளவுகோலையும் சேருங்கள். தெருவில் அதற்கு இடமில்லை, பயிற்சிக்கூடத்தில் உண்டு. கேட்பதாக இருந்தால் பயிற்சிக்குச் சில வாரங்கள் முன்பே, வேறு காரணம் சொல்லாமல், பொது ஒப்புதலோடு சேர்த்துக் கேளுங்கள். அன்றே கேட்டால் எதைத் தேடுகிறீர்கள் என்று தெரிந்துவிடும்.

சூழ்நிலை விளக்கம் குற்றத்தைக் கழுவும் சாக்காகவும் பயன்படுகிறது. யூத இனப்படுகொலையை மில்கிராமின் முடிவால் விளக்குவதை டேவிட் மாண்டல் 1998-இல் கடுமையாக எதிர்த்தார். விலக அனுமதி கிடைத்தும் கொலையில் ஈடுபட்டவர்கள் அங்கே இருந்தார்கள். வகுப்பில் சாத்தான்குளம் போன்ற காவல் வன்முறைகளைப் பேசும்போது, ‘உத்தரவு வந்தது, செய்தார்கள்’ என்று முடித்துவிடாதீர்கள். அதே மில்கிராம் அறையில் 40-இல் 14 பேர் எழுந்து போனார்கள்.

நாடுகளை வரிசைப்படுத்தவும் கூடாது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் 1983-இல் நடந்த முனைவர் பட்ட ஆய்வில் 42.5 சதவீதம் என்று பதிவாகியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 1974-இல் 28. ஒவ்வொன்றிலும் தூரம், குரல், உத்தரவு வாக்கியங்கள் வேறு. இந்தியர் அமெரிக்கரைவிடக் குறைவாகப் பணிவார்கள் என்று இதிலிருந்து எழுதினால், சூழ்நிலையின் வித்தியாசத்தை நாட்டின் கணக்கில் எழுதியதாகிவிடும்.

## யாருக்கு எது

முதுகலை மாணவர், இரண்டு பேர், ஓர் ஆண்டு: தெரு ஆய்வு, மேலே சொன்ன மூன்று உடைகளில் இரண்டு மட்டும். மூன்றாக்கினால் 97-ஐ மூன்றால் பெருக்க வேண்டியிருக்கும். உடை விளைவு பெரிதாக இருக்கும் என்று முன்னோட்டத்தில் 20 பேரிடம் தெரிந்தாலும் எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள். சிறு முன்னோட்டம் விளைவைப் பெரும்பாலும் மிகைப்படுத்தும்.

இளங்கலை மாணவர், மூன்று மாதம்: சுயகணிப்பு வினாத்தாள். ஒரு குழுவுக்குக் கதையில் அதிகாரி அறையிலேயே இருக்கட்டும், இன்னொன்றில் போனில். மற்ற எல்லா வரிகளும் ஒன்றாக இருக்க வேண்டும்.

செவிலியர் கல்லூரி ஆசிரியர்: பயிற்சிக்கூடம், தனிமைக்கும் துணைக்கும் உள்ள வேறுபாட்டை எடுங்கள். அதுவே நாளை வார்டில் மாற்றக் கூடியது.

வங்கி, பள்ளி, காவல் பயிற்சியாளர்: புதிதாக ஆய்வு செய்யத் தேவையில்லை. மில்கிராமின் மாற்றங்களில் தொலைபேசி, மறுக்கும் துணை இரண்டையும் உட்ரெக்ட் எண்ணையும் ராங்க்-ஜேக்கப்சனையும் எடுங்கள். கட்டடத்தின் கௌரவத்தை விடுங்கள்.

எந்த வழியானாலும் மறுத்தவர்களிடம் ஐந்து நிமிடம் பேசுங்கள். பெரும்பாலான ஆய்வேடுகளில் அவர்கள் ‘0’ என்ற குறியோடு நின்றுவிடுகிறார்கள். எந்த நொடியில் சந்தேகம் வந்தது, யாரை நினைத்தீர்கள், மறுக்க என்ன சொன்னீர்கள் என்று மூன்று கேள்விகள். பதிலை அவர்கள் சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஆய்வு எதைப் பற்றியது என்று வெளிப்படுத்தும் முன் ‘இது எதற்காக என்று நினைத்தீர்கள்’ என்று கேட்டுவிட்டு, பிறகு இவற்றைக் கேளுங்கள். வரிசை மாறினால் எல்லோரும் முன்பே ஊகித்ததாகச் சொல்வார்கள்.